சுக்கானுக்கு முள் வைத்த லோகு

ஃபூ, ஃபூ என்று இரண்டு முறை ஊதிவிட்டு, "கேக்குதா?" என்று அந்த மீட்டரிடம் கேட்கிறார் லோகநாத குந்தர். மீட்டருக்குக் காது கிடையாது. உள்ளங்கை அகலத்தில் வட்டமான கறுப்பு முகம், அதில் ஒரு வெள்ளை முள், இடது பாதியில் சிவப்புக் கோடு, வலது பாதியில் பச்சைக் கோடு, அவ்வளவுதான். மங்களூரிலிருந்து வந்த பார்சலைப் பிரித்த சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு வயர்கூட மாட்டவில்லை. ஆனாலும் ஊதியாகிவிட்டது. ஊதாமல் அவர் எதையும் தொடங்குவதில்லை. டார்ச் லைட், மிக்ஸி, அடுத்த வீட்டு டிவி ரிமோட் எல்லாமே அந்த இரண்டு ஊதலை வாங்கியிருக்கின்றன. ஒருமுறை மாமியாரின் காது மெஷினும் வாங்கியது. மாமியார் அப்போது அதைக் கழற்றியிருக்கவில்லை.

மல்பே துறைமுகத்தில் அவர் பெயர் மைக் லோகு. மழை ஓய்ந்து யட்சகானக் கூத்துக் குழுக்கள் ஊர் ஊராகக் கிளம்பும்போது மைக்கையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய்விடுவார். மழை பிடித்ததும் குழுக்கள் கலையும், மீன்பிடித் தடையும் வரும், போட்டுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கட்டிக் கிடக்கிற போட்டில் ஏதாவது ஒன்று எரியாமல், பேசாமல், சுற்றாமல்தான் இருக்கும். லோகு வந்துவிடுவார். "ராவணனுக்கே மைக் வச்சவன் நான். ராவணன் பத்துத் தலை, ஒரு மைக். உங்க வயர்லெஸ்ஸு எனக்கு எம்மாத்திரம் மாராயா?"

சட்டையில் இரண்டு பாக்கெட், பேண்டில் நான்கு. ஆறிலும் இன்சுலேஷன் டேப். செருப்பு வார் அறுந்தாலும் டேப், குடைக் கம்பி கழன்றாலும் டேப். மனைவி வினோதினி ஒருநாள் கோபத்தில் பேசாமல் இருந்தபோது, அவர் தன் வாயில் ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார் என்று சொல்கிறார்கள். வினோதினி அதை மறுக்கவில்லை. "மீசையோட வந்துச்சு" என்று மட்டும் சொல்கிறார்.

இவ்வளவு இருந்தும், கடலோடி மொகவீரர் வீட்டில் பிறந்த லோகுவுக்குக் கடல் ஆகாது. கட்டிக் கிடக்கும் போட்டில் நாள் முழுக்க நிற்பார். கயிற்றை அவிழ்த்தால் முகம் வெளுக்கும். ஆறு கடலில் சேரும் வாயைத் தாண்டினால் காலையில் தின்றதெல்லாம் மீனுக்கு. "கடல் எனக்குப் பெரியப்பா மாதிரி. மரியாதை உண்டு. கிட்ட மட்டும் போக மாட்டேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

மீட்டர் வந்திருப்பது 'ஜலதுர்கா' என்ற ஆழ்கடல் போட்டுக்கு. கூடையில் மீன் சுமந்து விற்று, பிறகு ஏலம் எடுத்து, பிறகு பங்கு வாங்கி, இப்போது போட்டுக்கே சொந்தக்காரியாகிவிட்ட ஜலஜாட்சிதான் அதை வரவழைத்தவர். சக்கரத்தைத் திருப்பினால் தண்ணீருக்குள் சுக்கான் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை முள் காட்டும். இந்த மாதிரி மீட்டரை லோகு அதற்கு முன் தொட்டதில்லை. தெரியுமா என்று ஜலஜாட்சி கேட்டபோது, "வச்சிடலாமே" என்றார். தெரியும் என்று சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு வேலையை ஏற்றுக்கொள்வதற்குப் பொய் என்று பெயரா, துணிச்சல் என்று பெயரா? அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கும் போலத் தோன்றுகிறது. அந்த மூன்றாவதற்கு ஒரு மைக் செட்டும் மீசையும் இருக்கின்றன.

எப்போதும் இல்லாத மீட்டர் இப்போது எதற்கு? எல்லாம் ஒரு ஸ்கூட்டரால் வந்தது.

ஜலதுர்காவின் தண்டேல், அதாவது சக்கரம் பிடிப்பவர், தேஜப்ப மெண்டன். வினோதினியின் அண்ணன், லோகுவுக்கு மச்சான். பேச்சு குறைவு, மீன் வாசனை தெரிந்தவர். போட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பொப்பர்யா தெய்வத்தின் கோயிலில் அருள் வந்து ஆடுபவர், சுக்கான் நேராக இருக்கும்போது சக்கரத்தின் மேல் கம்பியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவார். அதை மனிதக் கை அவிழ்க்கக் கூடாது. சங்கிலி போட்ட பழைய சக்கரத்தில் அந்த நூல் தண்டேலுக்குத் துணையாகவும் இருந்தது: நூல் உச்சியில் இருந்தால் சுக்கான் நடுவில். இருட்டிலும் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். சென்ற வருஷம் சங்கிலி போய் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் சக்கரம் வந்தது, அதிலும் புதிதாக ஒரு நூல் ஏறியது. அது விரல் பட்டாலே திரும்பும். ஆனால் திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். நூல் ஒரு பக்கம் போகும், சுக்கான் வேறு பக்கம் நிற்கும். இது தேஜப்பாவுக்குத் தெரியாது. நூல் எப்படிப் பொய் சொல்லும்?

தடைக்கு முந்தைய கடைசி நாள், நூல் உச்சியில் இருக்கிறதென்று நம்பி வேகம் கொடுத்துக் கரைக்கு வந்தார். போட்டின் மூக்கு விருட்டென்று திரும்பி, மேடையோரம் நின்ற ஜலஜாட்சியின் புது ஸ்கூட்டரைக் கண்ணாடியில் தொட்டு, பிறகு மொத்தமாகத் தண்ணீருக்குள் தள்ளியது. கயிறு கட்டித் தூக்கியபோது சீட்டுக்கு அடியில் ஒரு நண்டு குடியேறியிருந்தது. துறைமுகமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாக ஜலஜாட்சி சிரித்தார். தேஜப்பா சிரிக்கவில்லை.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த வண்டி மேல நீங்க உக்காந்திருந்தீங்க அக்கா" என்றார். "வேற தண்டேலைப் பாத்துக்குங்க."

"வேற தண்டேலுக்கு மீனைத் தெரியும். என் போட்டைத் தெரியுமா?"

"எனக்கும் தெரியலையே."

மழைக்காலம் முழுக்க ஜலஜாட்சி அவரைக் கரைத்துப் பார்த்தார். கடைசியில் மீட்டர் என்ற பேச்சில் வந்து நின்றது. தேஜப்பாவின் வாக்கு சுருக்கமானது: "முள்ளு நெஜம் சொன்னா தடை முடிஞ்சதும் நான் போட் எடுக்கிறேன். பொய் சொன்னா சாவி உங்க கையில."

வீட்டில் வினோதினி தன் பங்குக்கு லோகுவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் கடலுக்குப் போகலைன்னா நம்ம வீட்டுக்குத்தான் வந்து உக்காரும். உங்க ஸ்பீக்கர் பொட்டி மேல. ஒரு வார்த்தை பேசாம. வருஷம் பூரா."

லோகு அன்று காலை ஆடி அமாவாசைக்குக் குடிக்கும் கசப்புக் கஷாயத்தைக்கூட முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தார்.

வேலை தொடங்கியது. போட்டின் பின்பக்கத் தளத்தில் ஒரு மூடியைத் தூக்கினால் கீழே குனிந்து நிற்கும் அளவுக்கு ஒரு பொந்து. சுக்கானின் இரும்புத் தண்டு அங்கேதான் மேலே வந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் திருகி, பெட்டியின் கையைத் தண்டோடு ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். தண்டு திரும்பினால் பெட்டிக்குத் தெரியும். பெட்டியிலிருந்து மூன்று வயர் முன்னால் அறைக்குப் போய் முள்ளுக்குச் சொல்லும். லோகு பொந்துக்குள் இறங்கியபோது பாட்டுப் பாடினார், ஏறியபோது கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். வயர் போன வழியெல்லாம் டேப், ஒரு அடிக்கு ஒரு நிறம். "கோயில் தேர் மாதிரி இருக்கு" என்றார் ஜலஜாட்சி. லோகு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மீட்டரை எங்கே வைப்பது என்பதில் சின்னத் தகராறு. சக்கரத்துக்கு எதிரே துர்கை படம், கடிகாரம், தேஜப்பா தலை சீவும் கண்ணாடி. கண்ணாடி போகட்டும் என்றார் லோகு. துர்கை நகரட்டும், அவளுக்குக் கோபம் வராது, தேஜப்பாவுக்கு வரும் என்றார் ஜலஜாட்சி. துர்கை நான்கு விரல் நகர்ந்தாள். மீட்டர் ஏறியது. உடனே ஜலஜாட்சி குங்குமத்தைத் தொட்டு அதன் கண்ணாடியில் அழுத்தி வைத்தார். சரியாக நடுக்கோட்டின் மேல்.

"அக்கா, அந்தக் கோட்டைப் பாக்கத்தானே மீட்டரே."

"அப்ப சாமியைக் கொஞ்சம் மேல ஏத்து."

குங்குமம் விளிம்புக்கு ஏறியது. இனி ஒரே ஒரு வேலை பாக்கி. சுக்கானை நேராக நிறுத்திவிட்டு, மீட்டரின் முதுகில் இருக்கும் திருகாணியைத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். லோகு சக்கரத்தைப் பார்த்தார். சிவப்பு நூல் பக்கவாட்டில் இருந்தது. நூல் உச்சிக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்பினார். பக்தியோடு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருகாணியைத் திருகினார். முள் நடுவுக்கு வந்து நின்றது. பிறகு சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, முள்ளும் இரண்டு பக்கமும் ஒரே அளவு போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று மீட்டரோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. அந்த நேரத்தில் சுடச்சுட கோளி பஜெ, அந்த ஊர் போண்டா, வந்துவிட்டது.

டீயும் பஜெயும் முடிந்தபோது மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. தேஜப்பா வந்தார். முள்ளைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். இரண்டும் நடு. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்று அசைந்தது. கயிறு அவிழ்ந்தது. லோகுவின் முகம் வெளுத்தது.

துறைமுகத்தின் நடுத் தண்ணீருக்கு வந்ததும் தேஜப்பா முள்ளை நடுவில் பிடித்து மெல்ல வேகம் கொடுத்தார். ஜலதுர்கா முன்னே போனது, பிறகு இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது, பிறகும் திரும்பியது, புறப்பட்ட இடத்தையே வந்து பார்த்துவிட்டு இன்னொரு முறையும் திரும்பியது. முள் நடுவிலேயே நின்றது, படத்துக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி.

பக்கத்துப் போட்டுகளில் வலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

"ஜலஜக்கா, யாரைப் பிரதட்சிணம் பண்றீங்க?"

"எத்தனை சுத்து வேண்டுதல்?"

"ஸ்கூட்டரையெல்லாம் உள்ள தள்ளி வைங்கப்பா, தண்டேல் வர்றாரு."

தேஜப்பா இயந்திரத்தை நிறுத்தினார். சக்கரத்திலிருந்து கையை எடுத்தார், சூடு பட்டவர் போல. "உன் முள்ளும் என் நூலும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுது மாப்ளே" என்றார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஜலஜாட்சியின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் வலைக் குவியலில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் லோகுவுக்குத் தாங்கவில்லை.

அவர் பின்பக்கம் ஓடினார். மூடியைத் தூக்கிப் பொந்துக்குள் இறங்கி டார்ச்சை ஊதி ஏற்றினார். சுக்கான் தண்டின் மேலிருந்த இரும்புக் கை நேராக இல்லை, நன்றாகவே ஒருபக்கம் ஒதுங்கி நின்றது. வயர் சரி, பெட்டி சரி, மீட்டர் சரி. அவர் மட்டும்தான் சரியில்லை. போட்டின் நடு எங்கே என்று போட்டைக் கேட்காமல் நூலைக் கேட்டிருக்கிறார். எந்த நூல் பொய்யென்று இந்த மீட்டரையே வாங்கினார்களோ, அதே நூலை.

பொந்திலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது.

"மச்சான், நான் கீழ பாக்கவே இல்ல. நூலைப் பாத்துத்தான் முள்ளை வச்சேன்."

தேஜப்பா வலையில் ஒரு முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜலஜாட்சிதான் சொன்னார். "ஏன் மாராயா, பாடுறவன் வாய் எங்க இருக்குன்னு பாக்காமலா மைக் வைப்ப?"

"அப்படித்தான் அக்கா வைப்பேன்" என்றார் லோகு பரிதாபமாக. பக்கத்துப் போட்டுகளில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேஜப்பாவின் தோள்கூட ஒரு முறை குலுங்கியது போல இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

லோகு பழைய மைக் வயர் ஒன்றை எடுத்தார். இரும்புக் கையின் நுனியிலிருந்து இடப்பக்கப் பலகைவரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். அதே வயரை வலப்பக்கம் பிடித்துப் பார்த்தார். எட்டவில்லை. "அக்கா, சக்கரத்தை வலது பக்கம். இன்னும். இன்னும் ஒரு சிட்டிகை. உப்பு போடுற மாதிரி." முடிச்சு இரண்டு பக்கமும் சரியாகப் பலகையைத் தொட்டபோது மேலே ஓடி, திருகாணியைத் திருகி, முள்ளை நடுவுக்கு இழுத்தார். இந்த முறை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பியும் பார்த்தார். சிவப்பில் எவ்வளவோ பச்சையிலும் அவ்வளவு. சுக்கானைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

சிவப்பு நூல் இப்போது சக்கரத்தின் கீழ்ப்பக்கம், முழங்கால் உயரத்தில் தொங்கியது.

தேஜப்பா வாசலில் நின்று பார்த்தார். "முள்ளு நடுன்னு சொல்லுது, நூலு பாதாளம்னு சொல்லுது. எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க மச்சான். என்னை நம்புங்க."

"உன்னையா?"

மறுபடியும் சிரிப்பு. லோகுவும் சிரித்துவிட்டார். "சரி, என்னை வேணாம். என் கையை நம்புங்க. நான் பின்னால பொந்துல நிக்கிறேன். ஒரு கை சுக்கான் தண்டு மேல. இன்னொரு கையை மேல தூக்குறேன். கை நேரா இருந்தா சுக்கான் நடு. கை எந்தப் பக்கம் சாயுதோ, சுக்கானும் அந்தப் பக்கம். திரும்பி என் கையைப் பாருங்க, அப்புறம் முள்ளைப் பாருங்க. ஒரு தடவை மாறினாலும் சாவி அக்காவுக்கு. நான் ஸ்பீக்கர் பொட்டியைக் காலி பண்ணி வைக்கிறேன்."

தேஜப்பாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரியவில்லை. அவர் கண் இன்னும் நூலிலேயே இருந்தது. ஜலஜாட்சி சாவியை எடுத்து நீட்டினார். "நூலு உன்னைக் காப்பாத்தக் கட்டினது. வழி சொல்லுறதும் அதுதான்னா எப்படி? ஒரு நூலுக்கு ரெண்டு வேலையா மாராயா? அது முழங்கால்கிட்ட இருந்தே காப்பாத்தட்டும்."

தேஜப்பா குனிந்து நூலைத் தொட்டுக் கும்பிட்டார். சாவியை வாங்கினார்.

இரண்டாவது பயணத்தைப் பார்க்கத் துறைமுகத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். போட்டின் வாலில், தளத்தில் இடுப்புவரை புதைந்தவர் போல லோகு. இடது கை கீழே இரும்பில். வலது கை வானத்தில். தேஜப்பா சக்கரத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டுக் கழுத்தைத் திருப்பினார். கை இடப்பக்கம் சாய்ந்தது. முள்ளைப் பார்த்தார். சிவப்பு. வலப்பக்கம். கை வலது, முள் பச்சை. கொஞ்சம் இடது. கையும் கொஞ்சம், முள்ளும் கொஞ்சம். நடு. கை நேராக நின்றது, ஜலதுர்கா வகிடு எடுத்த மாதிரி தண்ணீரை நேராகப் பிரித்துக்கொண்டு போனது. கரையிலிருந்து யாரோ யட்சகானச் செண்டை போல டின்னைத் தட்டினார்கள். லோகுவின் கை தாளத்துக்கு ஆடத் தொடங்க, "ஆட்டாத, எனக்கு சுக்கான் ஆடுற மாதிரி தெரியுது" என்று உள்ளிருந்து தேஜப்பா சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

துறைமுகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் லோகு நினைத்தார். தேஜப்பா திரும்பவில்லை. ஆற்றுவாயை நோக்கி மூக்கைப் பிடித்தார். ஆடி மாதத்துத் தண்ணீர் அங்கே ஆற்றோடு முட்டி, சுவர் சுவராக எழும்பிக்கொண்டிருந்தது. இங்கே பின்னால் திரும்பிக் கையைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அலையைப் பார்க்க வேண்டும், முள்ளை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் அலை போட்டைத் தூக்கியது. லோகுவின் வயிறும் கூடவே எழும்பியது. கையை இறக்கவில்லை. இடது உள்ளங்கைக்குக் கீழே தண்டு திரும்பியது, வலது கை சாய்ந்தது. தண்டு மீண்டது, கை நிமிர்ந்தது. அறைக்குள் ஜலஜாட்சி துர்கையைப் பிடித்துக்கொண்டு முள்ளைச் சத்தமாக வாசித்தார்: "பச்சை, கொஞ்சம் பச்சை, நடு, சிவப்பு, நடு." ஒவ்வொரு சொல்லும் லோகுவின் கை சொன்னதையே சொன்னது. இரண்டாவது அலை. மூன்றாவது தளத்தின் மேலேயே விழுந்து அவரை முழுக்க நனைத்தது. அதற்குப் பிறகு ஜலஜாட்சி வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

தண்ணீர் அகலமாகி, நீண்ட மெல்லிய அலைகளாகப் படுத்தது. தூரத்தில் ஒரு தீவின் தென்னைகள் தெரிந்தன. லோகு கண்ணிலிருந்த உப்பைத் துடைக்காமல் முன்னே பார்த்தார். அறையின் வாசல் வழியாகத் தேஜப்பாவின் முதுகு தெரிந்தது, பிடரி தெரிந்தது. அந்தப் பிடரி ஆற்றுவாயில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இப்போதும் திரும்பவில்லை. சக்கரத்தில் நூல் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ, அதையும் அவர் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அறைக்குள்ளிருந்து அவர் ஏதோ சொல்வதும் ஜலஜாட்சி சிரிப்பதும் கேட்டன.

காலையில் தின்ற பஜெ இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் லோகுவுக்கு உறைத்தது. கை மட்டும் இன்னும் தலைக்கு மேலேயே நின்றது, யாரும் பார்க்காத ஒரு முள்ளாக. அதை மெல்லக் கீழே இறக்கினார். நனைந்த விரல் நுனிகளை வாய்க்கு அருகே கொண்டுவந்து, ஃபூ, ஃபூ என்று இரண்டு முறை ஊதினார்.